ஸ்டோர்ஸ் கட்டத்துல ஒரு கையெழுத்து

இல்ல, இல்ல, இல்ல... இப்படியெல்லாம் கையெழுத்துப் போட முடியாது மாப்ள. என்னை என்னன்னு நெனச்சே? பாரத்தை நீட்டினா பொட்டுனு குத்திக் குடுக்க நான் என்ன ரப்பர் ஸ்டாம்பா? ஸ்டோர்கீப்பர்யா! பத்தொம்பது வருஷமா இந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிக்கிறவன். ஒரு திருகாணி வெளிய போனாக்கூட எனக்குத் தெரியாமப் போகாது. பாரு, நீ திருப்பிக் குடுத்த ஷூவைப் பாரு. ஷூ ரெண்டு இருக்கு, சரி. கயிறு எத்தனை இருக்கு? எண்ணு. ஒண்ணு! இடது கால் ஷூவுக்குக் கயிறு எங்க? ... தோளைக் குலுக்குறான். தோளைக் குலுக்கிட்டா ஆச்சா? ரிஜிஸ்டர்ல "ஷூ ஒரு ஜோடி, கயிறு ரெண்டு"ன்னு இருக்கு. கீழ உன் கையெழுத்தும் இருக்கு.

வேணும்னு குத்தம் கண்டுபிடிக்கிறேன்னு நெனைக்காத. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? வேலையை விட்டு அனுப்புறதுன்னாலும் அதையும் முறையாத்தானே செய்யணும்? எட்டு கட்டம் போட்டு ஒரு பாரம் குடுத்திருக்காங்க. லாக்கர், கேன்டீன், பாதுகாப்பு, ஸ்டோர்ஸ்... எட்டு இடத்துலயும் போய் "இவன்கிட்ட எங்க சாமான் எதுவும் இல்லை"ன்னு எழுதி வாங்கினாத்தான் கேட்டைத் திறந்து விடுவான். உள்ள வர்றப்போ ஒரே ஒரு கையெழுத்து, வெளிய போறதுக்கு எட்டு! அதுல நூலகம்னு ஒரு கட்டம் வேற. ஏய்யா, பதினோரு வருஷமா இங்க இருக்கியே, நூலகம் எங்க இருக்குன்னு என்னைக்காவது பாத்திருக்கியா? நானும் பாத்ததில்ல. ஆனா அந்தக் கட்டத்துல யாரோ போட்டிருக்கான் பாரு, பச்சை மையில! இல்லாத நூலகத்துக்குக்கூட கையெழுத்துப் போட ஆளை வச்சிருக்கான், ட்ராலி தள்ள மட்டும் ஆள் வேணாமாம்.

என்ன? ... இரு, இரு, நான் முடிச்சுக்கிறேன்.

அறுபத்துநாலு பேரு, மாப்ள! அறுபத்துநாலு! கார் செய்யுற பெரிய கம்பெனி ஆர்டரைக் குறைச்சுட்டானாம். அவன் தும்மினா நமக்கு ஜுரம், என்னைக்குமே அப்படித்தான். நாம செய்யுறது என்ன, கதவுக் கீலு. கார்க் கதவைத் திறந்து மூடுறப்போ சத்தம் வராம இருக்குல்ல, அது நம்ம கைங்கர்யம். காரு வாங்குறவன் எவனாவது கீலைத் தடவிப் பாத்துட்டு வாங்குறானா? சீட்டைத் தடவுவான், டி.வி. பொட்டி மாதிரி முன்னாடி ஒண்ணு வச்சிருக்கானே, அதைத் தடவுவான். சரி, அது கிடக்கட்டும். மீட்டிங் போட்டு என்ன சொன்னாங்க? "இனிமே கரண்ட்ல ஓடுற காருதான், காலம் மாறிப்போச்சு, மனசைத் தேத்திக்கோங்க." ஏங்க, கரண்ட்ல ஓடுற காருக்குக் கதவு வேணாமா? ஜன்னல் வழியாக் குதிச்சா உள்ள ஏறுவாங்க? நான் எழுந்து கேக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள டீ வந்துருச்சு.

அதுவும் அந்த லிஸ்டை ஒட்டின லட்சணம் இருக்கே! பொதுவா நோட்டீஸ் போர்டுல ஒரு பேப்பர் ஒட்டணும்னா நாலு பக்கமும் குண்டூசி கேட்டு என்கிட்டதான் வருவாங்க. அன்னிக்கு ஒருத்தரும் வரல. பசையைப் போட்டு அப்பிட்டாங்க. யாரும் கிழிச்சுடக்கூடாதுன்னு. காலைல ஷிப்டுக்கு வந்து பாக்குறேன், பேரை எல்லாம் விரல் வச்சுப் படிச்சுக்கிட்டு ஒரு கூட்டம். ட்ராலி செக்ஷன், நாலு பேரு. உன் பேரு மூணாவது. நான் மூணு தடவை படிச்சேன் மாப்ள. கண்ணாடியைத் தொடைச்சுட்டு ஒரு தடவை.

கண்ணாடின்னதும் ஞாபகம் வருது... பாதுகாப்புக் கண்ணாடி எங்க? குடுத்தியா? ... ஆமா, இதோ இருக்கு. கீறல் விழுந்திருக்கே! ... சரி சரி, பதினோரு வருஷத்துக்கு ஒரு கீறல் விழாதா. விடு. காதுல அடைக்கிற பஞ்சு? ... அதைத் திருப்பிக் குடுக்க வேணாம். அதை வச்சு நான் என்ன பண்றது? நீயே வச்சுக்கோ. வீட்டுல தங்கச்சி திட்டுறப்போ உதவும். இந்தச் சேதியைக் கேட்டதும் திட்டிச்சா? ... அழுதுச்சா? ... ம்.

ஒண்ணும் சொல்ல வேணாம், விடு.

எல்லாம் இந்த விசிலால வந்த வினைன்னு லைன்ல பேசிக்கிறாங்க. காதுல விழுந்திருக்குமே உனக்கும். சூப்பர்வைசர்னா வாயால கூப்பிடணும், இவன் கழுத்துல விசிலைக் கட்டிக்கிட்டு, ரெண்டு தடவை ஊதினா நீ வரணும், மூணு தடவை ஊதினா நான் வரணும்னு... நம்மளை என்ன ரயிலுன்னு நெனச்சானா? அந்த ரோலர் தடமே அவன் குடுத்த யோசனைதான்னு ஊர் பூரா பேச்சு. ஸ்டோர்ஸ் சுவத்துல ஓட்டை போட்டு, சரிவா உருளைங்களை வரிசையா அடுக்கி, இங்க பொட்டியை வச்சா அது பாட்டுக்கு உருண்டு உருண்டு லைனுக்குப் போய்ச் சேருது. தூக்க வேணாம், தள்ள வேணாம். ஆளும் வேணாம். நல்ல யோசனைதான், யாரு இல்லைன்னது... யோசனைல தப்பு இல்ல... போன வாரம் விசிலோட ஸ்கூட்டர்ல ரெண்டு டயர்லயும் காத்தைப் புடுங்கி விட்டுட்டாங்க. பாவம், வண்டியைத் தள்ளிக்கிட்டே போனான். தள்ளுறப்போ ஒரு தடவைகூட விசில் ஊதல. எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு மாப்ள. ராத்திரி சோறு இறங்கல. ஒரு விஷயம் கவனிச்சேன். எல்லாரும் அவனைக் கரிச்சுக் கொட்டுறாங்க, நீ மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீ என்னைக்கு எதைச் சொல்லியிருக்கே? உனக்கு வாயிலயும் ரெண்டு ஷூக்கயிறு போட்டுக் கட்டியிருக்கு.

என்ன? எதுக்குக் கையை நீட்டுறே? பேனாவா? ... அட இரு மாப்ள! போடாமலா போயிடப்போறேன். எட்டுல ஏழு வாங்கிட்டே, இது ஒண்ணுதான் பாக்கின்னு எனக்குத் தெரியுது. பெர்சனல் ஆபீஸ் மேடம் நாலு மணிக்குள்ள கொண்டாங்கன்னாங்களா? கொண்டு போலாம். மணி மூணுதான் ஆகுது. அந்தம்மாவுக்கு என்ன அவசரம்? சுத்துற நாற்காலில உக்காந்துக்கிட்டு...

இடுப்பு எப்படி இருக்கு? நின்னுக்கிட்டே இருக்கியே. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோ. ஒரு பொட்டி இருவத்திரெண்டு கிலோ. ஒரு ஷிப்டுக்கு நூத்தம்பது பொட்டி. இங்க தூக்கி ட்ராலில வைக்கணும், அங்க போய்த் தூக்கி மேடைல வைக்கணும். ஒவ்வொரு தடவை குனியுறப்பவும் உன் வாய்லேந்து ஒரு சத்தம் வரும், "ஹூம்"னு. மத்தவன் யாருக்கும் கேக்காது. இந்த ஜன்னல்ல நிக்கிறவனுக்குத்தான் கேக்கும். வருஷக்கணக்கா அந்த "ஹூம்"மை நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் பொட்டியைத் தூக்கினவன் நிமிர முடியாம அப்படியே அரை வட்டமா நின்னியே, ஞாபகம் இருக்கா? நான்தான் வெளிய ஓடி வந்து பொட்டியை வாங்கினேன். வாங்கினப்பறம்தான் தெரிஞ்சுது, பத்தொம்பது வருஷமா அந்தப் பொட்டியை நான் பேனாவால மட்டும்தான் தூக்கியிருக்கேன்னு. அன்னிக்கு ராத்திரி என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், இப்படியே போனா மாப்ள அம்பது வயசுல படுத்துடுவான்டின்னு. அவ, "வெறுமனே பேசாம ஏதாவது பண்ணுங்களேன்"னா. பேசுறவனைப் பாத்து எல்லாரும் சொல்றதுதான் அது.

பண்ணினேன்.

இல்ல... ஒண்ணும் இல்ல. ஸ்டாம்ப் பேடைத் தேடுறேன். கையெழுத்து மட்டும் போட்டா மேடம் ஒத்துக்க மாட்டாங்க, சீலும் குத்தணும். இங்கதான் வச்சேன்... மேஜைக்கு அடியில விழுந்துருச்சு போல. குனியுறேன், இரு... அப்பா! என் முட்டி பேசுது... இங்க ஒரு உலகமே கிடக்கு. ரெண்டு கையுறை, அதுவும் ரெண்டும் வலது கை... யாரோட டிபன் மூடி இது?

இங்க உக்காந்துக்கிட்டே சொல்லிடுறேன் மாப்ள. மூஞ்சியைப் பாக்காம பேசுறது சௌகரியமா இருக்கு. நீ குறுக்க பேசாத. குறுக்க பேசினா எனக்கு விட்டுப்போயிடும், அப்பறம் சொல்ல மாட்டேன்.

மெயின் கேட் பக்கத்துல யோசனைப் பெட்டின்னு ஒண்ணு தொங்குதுல்ல? அதுல யாரும் உருப்படியா எதையும் போட மாட்டாங்க. கடலைத் தோலைப் போடுவாங்க. ஒருத்தன் "விசிலுக்கு விசில் தேவையில்லை"ன்னு எழுதிப் போட்டான். அந்தப் பெட்டியோட சாவி என்கிட்டதானே இருக்கு, அதான் தெரியும். அந்தப் பெட்டில நான் ஒரு பாரம் போட்டேன். படம் எல்லாம் வரைஞ்சு. ஸ்டோர்ஸ் சுவத்துல ஓட்டை, சரிவா உருளை... ஸ்கேல் வச்சு வரைஞ்சேன் மாப்ள. ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து வரைஞ்சேன். விசில் இல்ல. விசிலுக்கு நேர்கோடு போடவே வராது. நான்தான்.

உன் இடுப்புக்காகத்தான்யா! "எடை தூக்கும் தொழிலாளிக்கு முதுகு நோகிறது"ன்னு முதல் வரியே அதுதான். நான் என்ன கண்டேன்? பொட்டி தானா போச்சுன்னா நீ பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, வழில பொட்டி சிக்கிக்கிச்சுன்னா ஒரு தட்டு தட்டி விடுவேன்னு நெனச்சேன். பேசிக்கிட்டு இருக்கலாம்னு நெனச்சேன். அதாவது நான் பேசிக்கிட்டு இருக்கலாம்னு. பொட்டி நடக்கக் கத்துக்கிட்டா தூக்குறவன் எதுக்குன்னு இவங்க கேப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. எல்லாத்தையும் யோசிச்சவன் அதை யோசிக்கல.

இன்னும் இருக்கு. அந்தப் பாரத்துல கீழ ஒரு கட்டம். "இந்த யோசனையால் பயன் பெறுபவர் கையெழுத்து"ன்னு. அந்த ஒரு கையெழுத்து இல்லாம பெட்டியிலேயே போடக்கூடாதாம். உன்கிட்ட வந்தேன். நீ அப்போ பொட்டி மேல உக்காந்து தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தே. "என்னது?"ன்னு கேட்டே. "ஒண்ணுமில்ல, புது ஷூவுக்கு"ன்னு சொன்னேன். பரிசு கிடைச்சா திடீர்னு சொல்லலாம்னு ஆசை. நீ பேனாவை வாங்கிப் போட்டுக் குடுத்துட்டே. உன் வேலையை எடுக்குறதுக்கு உன்கிட்டயே கையெழுத்து வாங்கியிருக்கேன் மாப்ள. எவனாவது இப்படிப் பண்ணுவானா? என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். கயிறு இல்லாத செருப்பால.

பரிசும் குடுத்தாங்க. ஹாட்பாக்ஸ், மூணு. பெருசு, நடு, சின்னது. நீ அப்போ இடுப்புக்கு வைத்தியம்னு ரெண்டு வாரம் லீவுல இருந்தே. போட்டோ எடுத்து, எந்த யோசனைன்னு போடாம, "சிறந்த யோசனை"ன்னு மட்டும் எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டினாங்க. நீ வர்றதுக்கு முந்தின நாள் அதை எடுத்துட்டேன். எதுக்கு எடுத்தேன்? அப்பவே உள்ளுக்குள்ள என்னவோ உறுத்தியிருக்கு, இல்லைன்னா எதுக்கு எடுக்கணும்? பெட்ரோல் பங்க்ல குலுக்கல்ல விழுந்துச்சுன்னு சொல்லி தங்கச்சிகிட்ட குடுத்தேனே அந்தச் சின்ன டப்பா... ஆமா, அதேதான். தினம் மதியம் எனக்கு எதிர்ல உக்காந்து அதுலதான் நீ சாப்பிடுறே. நீ மூடியைத் திறக்குறப்போ எல்லாம் நான் வேற பக்கம் திரும்பிப்பேன்.

லிஸ்ட்டு ஒட்டின அன்னிக்கே மேடம்கிட்ட போனேன். "அவன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடுங்க"ன்னேன். வீராப்பா இல்ல, கெஞ்சித்தான் கேட்டேன். அந்தம்மா சிரிச்சாங்க. "நல்ல யோசனை சொன்னவரை அனுப்பிட்டா, அப்பறம் யாரு யோசனை சொல்வாங்க? நீங்க தைரியமா இருங்க"ன்னாங்க. இருக்கேன். தைரியமாத்தான் இருக்கேன், மேஜைக்கு அடியில.

உன்னோட மூணு பேரு வந்தாங்களே, அவங்க பாரத்துல எல்லாம் கண்ணை மூடிக்கிட்டு போட்டுட்டேன். அவங்களுக்கும் நான்தான் வினை, தெரியுது. ஆனா உன் பாரத்துல பேனா நகரல மாப்ள. முதல் கையெழுத்தை உன்கிட்ட பொய் சொல்லி வாங்கினேன். இந்தக் கையெழுத்தை உண்மையைச் சொல்லாம போடக்கூடாதுன்னு... இப்போ சொல்லிட்டேன். அடிக்கிறதுன்னா அடி. ஸ்டாம்ப் பேடும் கிடைச்சிருச்சு. எழுந்திருக்கிறேன், கையைக் குடு... கையைக் குடுய்யா... அப்பாடா.

யாரும்மா நீ? ... கேன்டீனா? கையுறை வாங்க வந்தியா? இங்க ஒரு ஆளு நின்னுக்கிட்டு இருந்தானே, எங்க? ... அப்பவே போயிட்டானா? எப்போ? நீ எதுலேந்து இங்க நிக்கிறே? ... டிபன் மூடிலேந்தா! அப்போ எல்லாத்தையும் நீதான் கேட்டியா? ... மூணு ஹாட்பாக்ஸும்? ... அழாதம்மா. அழுதா அவன்கிட்ட போய் அழு, என்கிட்ட எதுக்கு? ... சிரிக்கிறியா? சிரி, சிரி. தலைல எழுத்து. உயிரைக் குடுத்து ஒரு தடவை சொன்னேன், அதுவும் கேன்டீனுக்குப் போய்ச் சேர்ந்துருச்சு. சாயங்காலத்துக்குள்ள டீயோட சேத்து எல்லாருக்கும் ஊத்திடுவே.

பாரத்தைப் பாரு, இங்கயே வச்சுட்டுப் போயிருக்கான். ... எங்க? ... வெளிய ட்ராலி மேலயா? நகரு, நகரு, ஜன்னலைத் திறக்குறேன்.

மாப்ள! டேய், மாப்ள! இங்க திரும்பு! ... எதுக்குடா போனே? ... தண்ணி குடிக்கவா? நான் இங்க என் உசுரையே... சரி, அங்கேயே இரு. எழுந்திருக்காத, எழுந்தா நான் சொல்ல மாட்டேன். இதோ பாரு, ஒரே வரி. அந்த ரோலர் தடம் இருக்குல்ல? விசில் இல்லடா! நான்தான்! நான்தான் எழுதிப் போட்டேன்! ... எல்லாரும் திரும்பிப் பாக்கட்டும், எனக்கென்ன. விசிலும் கேக்கட்டும். கேட்டுச்சா உனக்கு?

என்ன? ... சத்தமாச் சொல்லு, கம்ப்ரஸர் ஓடுது! ... தெரியுமா? ... என்ன தெரியும்? ... எப்பலேந்து? ... கையெழுத்துப் போடுறப்பவா? படிச்சியா நீ? ... ஷூவுக்குன்னு நான் சொன்னேனேடா! கட்டை விரலை வச்சு மறைச்சுக்கிட்டுத்தானே நீட்டினேன்! ... ஆமா. ... ஆமா, என் விரல் அவ்ளோ பெருசு இல்லதான். ... படமும் நல்லா இருந்துச்சா? ... பேச்சை மாத்தாத. பொட்டி தானா போனா ஆளை எடுத்துடுவாங்கன்னு அன்னிக்கே உனக்குத் தோணுச்சா? ... தோணுச்சா! தோணியுமா போட்டே? ஏன்டா போட்டே?

... என்ன?

... நான் அவ்ளோ ஆசையாவா நீட்டினேன்?

... மாட்டேன்னு சொன்னா என் மூஞ்சி சின்னதாப் போயிடும்னா? அதுக்காகவாடா? ... இடுப்பும் வலிச்சுதா. சரி. ... டேய், மூணு மாசமா என் எதிர்லயே உக்காந்து அந்த டப்பாலயே சாப்பிட்டுக்கிட்டு, தெரியும்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம்ல?

என்னது? ... மறுபடி சொல்லு.

... நான் எங்க பேச விட்டேன்னா கேக்குறே?

...

ஏம்மா, உன் கையுறை நாளைக்கு. போ. ... மாப்ள, உள்ள வா. ஜன்னல் வழியா இல்ல, கதவு வழியா. இந்தா, என் நாற்காலில உக்காரு. நான் ஸ்டூல்ல உக்காந்துக்கிறேன். மணி மூணரைதான் ஆகுது, பாரம் எங்கேயும் ஓடிப்போகாது. தங்கச்சிகிட்ட என்ன சொன்னே, நாளைக்கு என்ன பண்ணப் போறே, என்னை எத்தனை தடவை மனசுக்குள்ள திட்டினே... எல்லாத்தையும் சொல்லு. நான் வாயைத் திறக்கல.

சொல்லு.